சட்டம் மறைத்த பாறை

மழை பிடித்துவிட்டால் ஜெயந்தினிக்குச் சோறு இறங்காது. பல்லுக்கல் தேயிலைத் தோட்டத்தில் வருஷத்தில் பாதி மழைதான். அந்தக் கணக்குக்கு அவள் பாதி வருஷம் பட்டினி கிடக்க வேண்டும் என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா சொல்லிச் சிரிப்பாள். முன்பெல்லாம் ஜெயந்தினியும் கூடச் சேர்ந்து சிரித்ததுண்டு. போன வருஷப் புயலில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் மண் இறங்கி, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான ஒரு லயத்தை இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. தகரத்தில் முதல் துளி விழும்போதே எழுந்து, அடையாள அட்டைகளும் மகளுடைய பிறப்புச் சான்றிதழும் போட்ட பையை வாசலோரமாக நகர்த்தி வைப்பாள். பிறகு உட்கார்ந்து, மழைச் சத்தத்துக்கு அடியில் வேறு சத்தம் ஏதும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு வேலை நோர்வூட் பஜாரில், நஜீம் நானாவின் படச்சட்டக் கடையில். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் சில வருஷம் கொழுந்து எடுத்தாள். சறுக்கான மலையில் கூடையோடு இறங்கும்போதெல்லாம் கால் நடுங்கும். கணவன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் போனான். இவள் நானாவின் கடையைக் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள். நானாவுக்கு நீரிழிவு முற்றிக் கை நடுங்கத் தொடங்கிய காலம் அது. வைரம் பதித்த வெட்டுக் கோலைப் பிடித்தால் கோடு பாம்பு மாதிரி போகும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, குப்பைக்குப் போகிற கண்ணாடித் துண்டுகளில் ஜெயந்தினி கீறிப் பழகினாள். பயந்த கைக்குக் கண்ணாடி உடையும் என்பார்கள். இவள் விஷயத்தில் அது நேர்மாறாக இருந்தது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அளந்ததையே மறுபடி அளப்பாள். கீறுவதற்கு முன் மூச்சை நிறுத்திக்கொள்வாள். வருஷக் கணக்கில் அவள் கையில் ஒரு கண்ணாடியும் வீணானதில்லை.

சட்டம் போட வருகிறவை சாமி படங்கள், கல்யாணப் படங்கள், பெரியபிள்ளையான சடங்குப் படங்கள். அவற்றைவிட அதிகமாக வருகிறவர்கள் செத்தவர்கள். ஆயுள் முழுக்கக் கோட்டைத் தொட்டறியாத கிழவர்களை ஸ்டூடியோக்காரர்கள் கோட்டும் டையுமாக மாற்றி அனுப்புவார்கள். "மவுத்தானதுக்குப் பொறகுதான் எல்லாருக்கும் உத்தியோகம் கெடைக்கிது," என்பார் நஜீம் நானா.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தவன் தர்ஷன். பல்லுக்கல் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுக்கு. போன வருஷப் புயலில் பங்களாச் சுவர் ஊறி, படத்தின் சட்டத்தைக் கறையான் தின்றிருந்தது.

"வரவேற்பறையில மாட்டணும் அக்கா. நல்ல சட்டமா போடுங்க."

"யாரு வரஞ்சது தம்பி?"

"பேர் இல்ல. முன்னுக்கும் இல்ல, பின்னுக்கும் இல்ல. ஸ்கொட்லாந்துன்னு சிலர் சொல்றாங்க. எங்க சமைக்கிற கோக்கி அண்ணன் அதுக்கு வெள்ளக்காரன் ஊருன்னு பேர் வச்சிருக்காரு."

எண்ணெய்ச் சாயத்தில் வரைந்த பழைய படம். பங்களாவின் அடுப்புப் புகையை இத்தனை காலம் குடித்துப் பழுப்பேறியிருந்தது. ஒரு பெரிய மலை, உச்சி வரை காடு. மலையின் காலடியில் ஒரு பள்ளம், அதற்குள் வளைந்து வரும் ஓடை. ஓடைக்கரையில் வரிசையாகச் சில குடிசைகள், அவற்றிலிருந்து நூல் போல் எழும் புகை. முன்புறத்தில் வளைந்து திரும்பும் ஓர் ஆறு, மாட்டு வண்டி ஒன்று, வலப்பக்கம் ஓர் அருவி. வெள்ளைக்காரன் ஊரில் மாட்டு வண்டி இருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் இருக்கலாம், நாம் என்ன கண்டோம் என்று வேலையைத் தொடங்கினாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. படத்தைப் பழைய வேட்டித் துணிமேல் கவிழ்த்து, துருப்பிடித்த சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் அசைத்து எடுத்தாள். ஈரத்துணியைச் சாயத்தின்மேல் வைக்கமாட்டாள். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டினாள். சட்டத்தைக் கழற்றிப் படத்தை நிமிர்த்தியபோது, முன்னொரு காலத்தில் சட்டம் போட்டவன் செய்த சோம்பேறித்தனம் தெரிந்தது. படத்துக்கு ஏற்ற அளவில் சட்டம் செய்யாமல், கையில் இருந்த சின்னச் சட்டத்துக்குள் படத்தைத் திணித்திருக்கிறான். இடப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் படம் சட்டத்தின் உதட்டுக்கு அடியில் மறைந்து கிடந்திருக்கிறது.

அந்த இடத்துக்குப் புகை போகவில்லை, வெளிச்சமும் படவில்லை. நேற்றுப் பூசியது போல் நீலமும் பச்சையும் பளிச்சென்றிருந்தன. அந்த நீலத்தில், மலைக்குப் பின்னால், ஒரு பாறை எழுந்து நின்றது. உச்சியில் இரண்டு பற்கள். இடப் பல் நெட்டை. வலப் பல் நுனி உடைந்தது.

ஜெயந்தினி கையை எடுத்துவிட்டாள்.

அந்தப் பாறையை அவள் தினமும் பார்க்கிறாள். தோட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். அவள் காம்பராவின் பின்கதவைத் திறந்தால் தெரிவது அதன் உடைந்த பல்.

"நானா, கொஞ்சம் வாங்க."

நஜீம் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "எனத்த தங்கச்சி? பல்லுக்கல் மாதிரி ஈக்குது."

"மாதிரி இல்ல நானா. பல்லுக்கல்தான்."

"அப்ப நல்லதுதானே. ஸ்கொட்லாந்து இங்கனயே ஈக்குதுன்னு அந்தப் பொடியனுக்குச் சொல்லு."

"நானா, பல்லுக்கல்லுக்கு முன்னுக்கு இம்மாம் பெரிய மலை எங்க இருக்கு? இந்தப் பள்ளம் எங்க இருக்கு?" அவள் விரல் குடிசைகளுக்கு மேலே, தொடாமல், அந்தரத்தில் நின்றது. "இந்த எடத்துல எங்க லயம்தான் இருக்கு. எங்க லயம் பள்ளத்துல இல்ல. மேட்டுல இருக்கு."

நானா நிமிர்ந்தார். பிறகு சுவரைக் காட்டினார். அங்கே விற்பனைக்குத் தொங்கியது, அன்னப்பறவைகள் நீந்தும் ஏரிப் படம். "அந்த அன்னம் எந்த ஊருல ஈக்குது சொல்லு பாப்பம். வரையிறவன் கையில மலையும் ஒண்ணு, மாவும் ஒண்ணு. அழகுக்குக் கூட்டி வைப்பான், கொறச்சு வைப்பான். அதப் பாத்துப் பயந்துக்கிட்டா எப்புடி?"

அவர் சொன்னது நியாயம்தான். அப்படியே இருந்துவிட வேண்டும் என்று அவளும் விரும்பினாள். ஆனாலும் அந்தப் படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறியவள், தோட்டத்துக்குப் பிரிகிற இடத்துக்கு முன்பே, தோட்டத்துக்கு எதிரே, ஆற்றின் இக்கரை வளைவில் இறங்கிவிட்டாள். படம் வரைந்தவன் எங்கே நின்றிருப்பான் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். பாறையின் இரண்டு பற்களும் படத்தில் இருப்பதுபோல் ஒன்றையொன்று மறைக்காமல் தெரிய வேண்டும். சாலையோரமாக முன்னும் பின்னும் நடந்தாள். தேநீர்க் கடையைத் தாண்டி ஒரு மதகு இருந்தது. அதன்மேல் ஏறி நின்றதும் பற்கள் சரியாகப் பொருந்தின.

மழை விட்டு மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. கைபேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, எதிர்மலையைப் பார்த்தாள். பாறை சரி. ஆறு திரும்புகிற முழங்கை வளைவு சரி. வலப்பக்கத்து அருவி விழும் வெட்டு, அதுவும் சரி. ஒன்றே ஒன்றுதான் பொருந்தவில்லை. படத்தில் உச்சி வரை நிறைந்திருந்த மலை, நேரில் பாதியாக நின்றது. தட்டில் குவித்த சோற்றை முன்பக்கத்திலிருந்து ஒரு கை அள்ளியது போல் அதன் நெஞ்சு குழிந்திருந்தது. அள்ளிய சோறு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. குழிக்கு நேர் கீழே, படத்தில் பள்ளமும் ஓடையும் இருந்த இடத்தில், மேடாக, வயிறு தள்ளி, தேயிலை மூடிக் கிடந்தது. அந்த மேட்டின்மேல் லயத்துத் தகரங்கள். தகரங்களின்மேல் சாயங்கால அடுப்புப் புகை.

அந்த மேட்டுக்குப் பெயர் புதுமலை. தோட்டத்திலேயே கிழடு தட்டிப்போன தேயிலை அங்கேதான். அதற்கு ஏன் புதுமலை என்று பெயர் என்று அவள் கேட்டதே இல்லை. யாரும் கேட்டதில்லை.

படத்துக் குடிசைகளின் புகையும் லயத்தின் புகையும் ஒன்றின்மேல் ஒன்றாக அவள் கண்ணுக்குள் நின்றன. நாம் தரையின்மேல் இல்லை, கூரைகளின்மேல் குடியிருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. மதகிலிருந்து இறங்கத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். தேநீர்க் கடைக்காரர், "என்னம்மா, தலை சுத்துதா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அங்கிருந்தே நானாவுக்குக் கைபேசியில் பேசினாள்.

"வரஞ்சவன் பொய் சொல்றான்னே வச்சுக்குவோம் நானா. பாறையோட ஒடஞ்ச பல்லு வரைக்கும் நெசமா வரஞ்சவன், மலைய மட்டும் என்னாத்துக்குப் பொய்யா வரையணும்?"

"புள்ளய கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு தங்கச்சி," என்றார் நானா.

தர்ஷனிடமும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, அவள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான். "தோட்டத்துத் தொரைக்குச் சொல்றேன் அக்கா. ஆனா ஒரு படத்தக் காட்டி லயத்தக் காலி பண்ணச் சொன்னா அவரு மேலிடத்துக்கு என்ன சொல்லுவாரு? மண்ணு பாக்கிற ஆளுங்கள வரச்சொல்லலாம். அவங்களும் இந்த மழை விட்டாத்தான் மேல ஏறுவாங்க."

மழை விட்டால். அவளுடைய பயம் முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது லயம் வழக்கம்போல் இருந்தது. மகள் தனுஷிகா காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். மாமனார் செல்லசாமி சுவரோரம் குந்தி பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து இஸ்தோப்பில் வீரம்மா அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

மாமனாரிடம் படத்தைக் காட்டினாள். அவர் இந்த மலையில் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். புதுமலையின் ஒவ்வொரு செடியும் அவர் கத்திக்குத் தலை கொடுத்தது. கைபேசியைத் தூர வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"கல்லு நம்ம கல்லுதான். மத்ததெல்லாம் எவனோ கிறுக்கியிருக்கான்."

"மாமா, நாளைக்கே இஸ்கூலுக்குப் போயிருவோம். மள நிக்கிற வரைக்கும்."

"இந்த வருசத்துல எத்தன வாட்டிம்மா போறது? போய் மூணு நாளு கெடந்துட்டு வந்தா கோழியக் காணோம். மாவட்டம் பூராவுக்கும் செகப்பு எச்சரிக்கைன்னு சொல்றான். நம்ம லயத்துக்குன்னா சொன்னான்? நான் இந்தக் காம்பராவ விட்டுட்டுப் போனா, வேற ஆள வச்சுருவாங்க."

"உசுரு போனா காம்பரா எதுக்கு மாமா?"

அம்மிக் குழவி நின்றது. வீரம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "மாமா, இவ செத்தவங்களுக்குச் சட்டம் போட்டுப் போட்டு நம்மளையும் அளவெடுக்க ஆரம்பிச்சிட்டா. எனக்குப் பெரிய சட்டமா போடு புள்ள. கோட்டு வேணாம், சீலையோடவே இருக்கேன்."

அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜெயந்தினியின் முகம் சுருங்கியது. பயத்தில் பெரிய பயம், பயந்தவள் என்று சிரிக்கப்படுவது. அவள் பேச்சை விட்டிருப்பாள். செல்லசாமிதான் விடவில்லை.

"எங்கப்பா பொறந்தது இந்த லயத்து ஆளாத்தான். மள வந்த வருசம் பொறந்தாரு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த எடத்துல ஒரு கல்லு பெரண்டிருக்கா?"

"மள வந்த வருசமா?" வீரம்மா குழவியை மறுபடி உருட்டினாள். "இதுவும் ஒரு அடையாளமா மாமா? இந்த ஊருல எந்த வருசம் மள வரல? மள வராத வருசம்னு ஒண்ணு இருந்தாச் சொல்லுங்க, நாங்களும் அதுல ஒரு புள்ளயப் பெத்துக்கிறோம்."

மறுபடி சிரிப்பு. செல்லசாமியும் சிரித்தார். சிரிக்காதவள் ஜெயந்தினி ஒருத்திதான். அந்தப் பேச்சை அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். மாமனார் தம் அப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்வதுதான். இந்த லயத்தில் ழகரம் யார் வாயிலும் வராது. மழையும் மள, வாழையும் வாளை. ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு வாய் வழியாகவே வந்த சொல்.

"மாமா," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. "உங்கப்பா அத எப்புடிச் சொல்லுவாரு? மளன்னா? மலன்னா?"

"என்னாது?"

"மள வந்த வருசமா? மல வந்த வருசமா?"

செல்லசாமி வாயைத் திறந்தார். சொல்லிப் பார்க்கப் போனவர் சொல்லவில்லை. மறுபடி திறந்தார். உதடு அசைந்தது, இரண்டு விதமாகவும் அசைந்தது. விரலுக்கிடையில் இருந்த பீடி இலை பிரிந்து தூள் மடியில் கொட்டியது.

"அவரு பல்லுப் போன மனுசன்," என்றார் மெதுவாக. "நாக்கு எங்க படுதுன்னு யாரு பாத்தா. நாங்கதான் மளன்னு எடுத்துக்கிட்டோம்." யாரும் கேட்காமலே தொடர்ந்தார். "அவருக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல. சித்தப்பன் பெரியப்பன்னு ஒரு ஆளு இல்ல. அவரு ஆத்தா புள்ளப்பேறுக்கு அட்டன் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருந்தாளாம். கைப்புள்ளயோட திரும்பி வந்தப்ப லயம் மாறியிருந்துச்சுன்னு சொல்லுவாளாம். வேற காம்பரா குடுத்துட்டாங்க போலன்னுதான் நாங்க இவ்வளவு காலமும்..."

தகரத்தில் மழை மறுபடி பிடித்தது.

ஜெயந்தினியின் பார்வை வீரம்மாவின் அம்மியில் போய் நின்றது. "அக்கா, இந்த அம்மி உங்களுக்கு எங்க கெடச்சிச்சு?"

வீரம்மாவுக்கு அந்த அம்மி பெருமை. சாமி கொடுத்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். இப்போது அவள் அப்படிச் சொல்லவில்லை. "கக்கூசுக் குழி வெட்டயில," என்றாள். "ஆள் ஒசரத்துக்கும் கீழ. தேஞ்சு, நடுவுல பள்ளம் விழுந்து... யாரோ அரச்சு அரச்சு..."

அவள் தன் கையைப் பார்த்தாள். கையில் சம்பல் ஒட்டியிருந்தது. தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் குழவியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். அதன் பிறகு அந்த இஸ்தோப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

விடிந்ததும், மலை ஊற்று வந்து விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள். தண்ணீர் தேநீர்ச் சாயம்போல் சிவந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. இத்தனை மழையில் பீலி வற்றுவதை யாரும் பார்த்ததில்லை.

ஜெயந்தினி ஒவ்வொரு காம்பராவாகப் போனாள். கதவைத் தட்டுவதே அவளுக்குச் சங்கடம். ஒவ்வொரு முகத்திலும் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் கெஞ்சிய இடத்தில் வீரம்மா அதட்டினாள். "பாயச் சுருட்டுடி. பேயறஞ்ச மாதிரி நிக்காத. டீவிய நான் தூக்கிக்கிறேன், நீ புள்ளயத் தூக்கு." பாதிப் பேர் பீலிக்குப் பயந்து வந்தார்கள், மீதிப் பேர் வீரம்மாவின் வாய்க்குப் பயந்து வந்தார்கள். செல்லசாமி பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு சாவியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துப் பாதையில் இறங்கினார்.

அன்று முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்து, ஒரே அடுப்பில் பருப்பும் சோறும் பொங்கினார்கள். பின்னேரம் மழை தணிந்து வெயில்கூடத் தலைகாட்டியது. அந்த வெயில் ஜெயந்தினிக்கு மழையைவிடக் கொடுமையாக இருந்தது. ஆண்களில் சிலர் ஜன்னல் வழியாக வானத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "சினிமாப் படம் பாத்து அழுவாங்க, இது என்ன படமோ," என்று யாரோ முணுமுணுத்தார்கள். மலை இறங்காவிட்டால் இவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று பயந்தாள். அந்தப் பயத்துக்குள் மலை இறங்கட்டும் என்ற ஆசை ஒளிந்திருப்பதைக் கண்டபோது, தன்னையே பார்த்துப் பயந்தாள். தனுஷிகாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள், பிள்ளைகள் காலைத் தேநீருக்கு வரிசையில் நின்ற நேரம். தேயிலை ஸ்டோரில் எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக ஓட விட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஸ்டோர் இருந்த திசையிலிருந்து அது வரவில்லை. கோப்பைகள் வரிசையாக நடுங்கின. பிறகு நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை.

அவர்கள் லயத்தின் பின்பக்கச் சமையலறைகள் எல்லாம் போய்விட்டன. குழிந்த மலையில் மிஞ்சியிருந்ததில் ஒரு துண்டு, வேரும் பாறையும் தேயிலையுமாக இறங்கி வந்து, முன்வாசல்களுக்கு எட்டாமல் நின்றிருந்தது. ஏன் அங்கே நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். செல்லசாமி விரல் விட்டு எண்ணினார், மறந்து போய் மறுபடி எண்ணினார், பிறகு ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கொண்டார்.

மண் பார்க்கிற ஆட்கள் மழை விட்டதும் வந்தார்கள். மேட்டைச் சுற்றி நடந்தார்கள். மேலே இன்னும் வெடிப்பு இருக்கிறது என்று சொல்லி, புதுமலை லயத்துச் சுவர்களில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டார்கள். இனி அங்கே யாரும் போகக் கூடாது. எங்கே போவது என்பதை வேறு ஆட்கள் வந்து சொல்வார்கள் என்றார்கள்.

அவர்கள் ஜீப் புறப்பட்டுப் போனதும் மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜெயந்தினியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். அன்று முணுமுணுத்தவனும் வந்தான். யாரும் நன்றி சொல்லவில்லை. அதைவிடக் கனமான ஒன்றோடு வந்திருந்தார்கள்.

"ஏன் ஜெயந்தினி," என்று வீரம்மாதான் ஆரம்பித்தாள். அவள் குரலில் கேலி எங்கேயும் இல்லை. "அந்தப் படத்துல இந்த இஸ்கூல் இருக்கிற எடம் எப்புடி இருந்துச்சு? இங்கனயும் பள்ளமா? மேடா? இங்க படுக்கலாமா?"

எல்லா முகங்களும் அவளையே பார்த்தன. தனுஷிகாவும் நிமிர்ந்து பார்த்தாள். ஜெயந்தினி கைபேசியை எடுத்துப் படத்தைத் திறந்தாள். ஓடையைத் தொடர்ந்து வலப்பக்கமாக விரலை நகர்த்தினாள். அருவி வெட்டு வந்தது, ஒரு மரம் வந்தது. மரத்துக்குப் பிறகு கடை மேசையின் பலகைதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் இருக்கும் இடத்துக்கு வரும் முன்பே படம் முடிந்துவிட்டிருந்தது. இந்த ஓரத்தில் சட்டம் எதையும் மறைத்திருக்கவில்லை. வரைந்தவன் அதற்கு மேல் வரையவில்லை, அவ்வளவுதான்.

"தெரியாதுக்கா," என்றாள்.

யாரும் எழுந்து போகவில்லை. அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்கள். வெளியே மேகம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. ஜெயந்தினி கைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கக்கா, வெளிச்சம் இருக்கையிலேயே பாத்துருவோம்."

இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சறுக்கலில் புல்லைப் பிடித்து ஏறினார்கள். ஜெயந்தினி முன்னால் போனாள். கொஞ்ச தூரம் ஏறியதும் நின்று, மேலே இருந்த சவுக்கு மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள், எது நேராக நிற்கிறது, எது மண் நகர்ந்து சாய்ந்திருக்கிறது என்று.